தங்க ஐ.ஆர்.ஏ.: கஸ்டோடியன் கட்டணத்தையும் பெட்டகக் கட்டணத்தையும் எப்படி ஒப்பிடுவது?

போன மாதம் டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் ஒரு அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பழைய கம்பெனியில் விட்டுவிட்டு வந்த 401கே பணம் 80,000 டாலரைத் தங்கத்துக்கு மாற்றப் போவதாகச் சொன்னார். செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "வருஷத்துக்கு 180 டாலர்தான்பா, மாத்துறதுக்கு ஃப்ரீ" என்றார். சாப்பாட்டு மேசையிலேயே அந்தக் கட்டணத் தாள் கிடந்தது, மூன்று பக்கம். முதல் பக்கத்தில் 180 என்ற எண் கொட்டை எழுத்தில். மூன்றாம் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், இன்னும் ஏழு வரிகள்.

அந்த ஏழு வரிகளையும், தாளிலேயே இல்லாத எட்டாவது ஒன்றையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் தங்கம் என்றாலே கொஞ்சம் இளகிவிடுகிறோம். நகைக்கடையில் சேதாரத்துக்கு அரை சதவீதம் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறவர்கள், ஓய்வுக்காலப் பணம் என்று வரும்போது ஒரே ஒரு எண்ணைக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

முதலில், இது என்ன கணக்கு?

ஐ.ஆர்.ஏ. என்பது அமெரிக்காவில் ஒருவர் தன் பெயரில் தானே வைத்துக்கொள்ளும் ஓய்வுக்காலக் கணக்கு. 1974இல் வந்த சட்டம் இதற்கு வழி செய்தது. 401கே என்பது வேலை கொடுத்தவர் வழியாக நடக்கும் கணக்கு. வேலையை விட்ட பிறகு அந்த 401கே பணத்தை வரி கட்டாமல் ஐ.ஆர்.ஏ.வுக்கு நகர்த்துவதற்குப் பெயர் ரோல்ஓவர்.

சரி, "தங்க ஐ.ஆர்.ஏ." என்றால்? சட்டத்தில் அப்படி ஒரு தனிக் கணக்கே கிடையாது. பங்கு, பரஸ்பர நிதி என்பவற்றைத் தாண்டி வேறு சொத்துகளையும் வாங்கிக்கொள்ள அனுமதிக்கும் ஒரு ஐ.ஆர்.ஏ.வுக்குள் தங்க நாணயமோ கட்டியோ வாங்கி வைத்தால் அதைத்தான் பேச்சு வழக்கில் தங்க ஐ.ஆர்.ஏ. என்கிறார்கள்.

எந்தத் தங்கமும் ஆகாது. 99.5 சதவீதமாவது தூய்மை இருக்க வேண்டும். இதற்கு விதிவிலக்கு அமெரிக்க அரசே அச்சடிக்கும் அமெரிக்கன் ஈகிள் நாணயம். அது 22 காரட், அதாவது நம்மூர் 916 தங்கத்தின் தரம்தான். சட்டமே அதைப் பெயர் சொல்லாத குறையாக அனுமதித்திருக்கிறது. அதே 22 காரட்டில் வரும் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அம்மா கொடுத்த வளையலையும் ஊரில் வாங்கிய காசுமாலையையும் இதற்குள் வைக்க முடியுமா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முடியாது. நகை ஆகாது என்பது ஒரு பக்கம், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் தங்கத்தை நம் கணக்குக்கே விற்பதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம், அந்தத் தங்கம் நம் வீட்டில் இருக்கக் கூடாது. கோயில் நகை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நகை சாமிக்குச் சொந்தம்தான், ஆனால் பெட்டகச் சாவி ஒருவரிடம், கணக்குப் புத்தகம் இன்னொருவரிடம். "வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு நிறுவனம் அமைத்து, அதன் வழியாக வாங்கிய ஈகிள் நாணயங்களை வீட்டுப் பெட்டகத்தில் வைத்த ரோட் ஐலண்ட் தம்பதியின் வழக்கில், 2021இல் அமெரிக்க வரி நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அந்த நாணயங்கள் கணக்கிலிருந்து வெளியே எடுக்கப்பட்டவையாகவே கருதப்படும், வரி கட்ட வேண்டும். ஐ.ஆர்.ஏ.விலிருந்து இப்படி வெளியே வந்த தொகைக்கு 59½ வயதுக்கு முன்னால் என்றால் வரிக்கு மேல் 10 சதவீதம் அபராதமும் சேரும்.

ஆக இதுவரை: கணக்கு நம்முடையது, தங்கமும் நமக்கானது, ஆனால் வைத்திருப்பவர்கள் வேறு. அவர்களுக்குக் கூலி உண்டு.

மூன்று பேர், மூன்று கணக்கு

குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். தொலைக்காட்சியில் விளம்பரம் செய்கிற, போனில் இனிக்க இனிக்கப் பேசுகிற கம்பெனிதான் எல்லாவற்றையும் செய்கிறது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அவர்கள் டீலர். நம்மூர் பாஷையில் நகைக்கடை. தங்கத்தை விற்பது மட்டும்தான் அவர்கள் வேலை.

இரண்டாவது ஆள் கஸ்டோடியன். இவரைக் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். வங்கியாகவோ, வரித்துறையான ஐ.ஆர்.எஸ். ஒப்புதல் பெற்ற நிறுவனமாகவோ இருக்க வேண்டும். பணத்தை வாங்கி, நாம் சொன்ன டீலருக்கு அனுப்பி, கணக்கு எழுதி, ஆண்டுதோறும் மதிப்பை வரித்துறைக்குத் தெரிவிப்பார். நாம் வாங்குகிற விலை நியாயமா, டீலர் நல்லவரா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. இதைத் தாளிலேயே எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

மூன்றாவது டெபாசிட்டரி, அதாவது தங்கம் உட்கார்ந்திருக்கும் பெட்டகம். இவற்றில் பல டெலவேர் மாநிலத்தில் இருக்கின்றன. டெக்சஸில் மாநில அரசின் பொறுப்பிலேயே ஒன்று இருக்கிறது.

அண்ணனின் தாளில் இருந்த 180 டாலர் இந்த மூன்று பேரில் யாருக்கு? கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தாளைப் புரட்டிப் பார்த்ததில் அது கஸ்டோடியனுக்கு மட்டும்.

கணக்குப்பிள்ளையின் கூலி

கஸ்டோடியன் கட்டணத்தில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கணக்குத் திறக்க ஒரு முறைக் கட்டணம், பெரும்பாலும் 50 டாலரை ஒட்டி இருக்கும். அப்புறம் ஆண்டுக் கட்டணம். இது 75 டாலரிலும் இருக்கிறது, 300 டாலரிலும் இருக்கிறது. இவை இரண்டையும் எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள்.

கேட்காமல் விடுவது நடவடிக்கைக் கட்டணங்களை. ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் ஒரு தொகை, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரு தொகை, காகிதத்தில் அறிக்கை வேண்டுமென்றால் ஒரு தொகை, கணக்கை மூடும்போது ஒரு தொகை. ஒரே முறை வாங்கிப் போட்டுவிட்டு 15 ஆண்டு தொடாமல் இருப்பவருக்கு இவை பெரிதில்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக வாங்க நினைப்பவருக்கு ஆண்டுக் கட்டணத்தைவிட இதுவே அதிகமாகிவிடும். அதனால் "எந்த கஸ்டோடியன் மலிவு" என்ற கேள்விக்கு நேர்ப் பதில் கிடையாது, நீங்கள் அதில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரைக் கடிக்கிற விஷயம். பணம் முழுவதையும் நாணயமாக மாற்றிவிட்டால், அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்குக் கணக்கில் ரொக்கம் இருக்காது. அப்போது கட்டணத்துக்காக ஒரு நாணயத்தை விற்க வேண்டிய நிலை வரும், அந்த விற்பனைக்கும் கட்டணம். கணக்கில் சில நூறு டாலர் ரொக்கமாக விட்டுவைக்க வேண்டும், அல்லது ஆண்டுக் கட்டணத்தை வெளியிலிருந்து நம் கைக்காசில் கட்ட விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் விடுவார்கள்.

பால் சொசைட்டியும் பேர் வெட்டின பாத்திரமும்

பெட்டகக் கட்டணத்துக்கு வருவோம். இதில் இரண்டு வகை.

பால் சொசைட்டியில் ஊற்றுகிற பாலை நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஊற்றிய பத்து லிட்டரும் பெரிய கேனில் எல்லோருடைய பாலோடும் கலந்துவிடும். உங்கள் கணக்கில் பத்து லிட்டர் இருக்கும். திரும்பக் கேட்டால் அதே தரத்தில் பத்து லிட்டர் கிடைக்கும், ஆனால் உங்கள் மாட்டுப் பால் வராது. பொதுச் சேமிப்பு என்பது இதுதான். நீங்கள் 19 ஈகிள் நாணயம் வாங்கினீர்கள் என்றால் அவையும் மற்றவர்களின் ஈகிள்களோடு இருக்கும்.

தனிச் சேமிப்பு என்பது பேர் வெட்டின பாத்திரம். கல்யாண வீட்டுக்கு எத்தனை பேரின் குண்டானும் அண்டாவும் போனாலும், அடியில் பேர் வெட்டியிருந்தால் நம்முடையது நமக்கே வந்துவிடும். அதுபோல உங்கள் நாணயங்களைத் தனிப் பெட்டியில் அடையாளமிட்டு வைத்து, அதையே திருப்பித் தருவார்கள். பொதுச் சேமிப்புக்கு ஆண்டுக்கு 100 டாலரை ஒட்டியும் தனிச் சேமிப்புக்கு 150 டாலரை ஒட்டியும் கேட்பது சகஜம்.

கூடுதல் 50 டாலர் தேவையா? சாதாரண ஈகிள் நாணயம் ஒன்றுக்கு இன்னொன்று மாற்றாக வந்தால் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை, அதனால் அதற்காக மட்டும் என்றால் தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் பெட்டகமே ஏமாற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வி வேறு. 2022இல் டெலவேரில் இருந்த ஒரு தனியார் பெட்டகத்தின் மீது அமெரிக்காவின் சரக்கு முன்பேர வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது, வாடிக்கையாளர்கள் வைத்த நாணயங்களில் பெரும் பகுதி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது குற்றச்சாட்டு. வங்கிச் சேமிப்புக்கு இருப்பது போன்ற அரசுக் காப்பீடு இந்தத் தங்கத்துக்குக் கிடையாது. பெட்டகம் தனியாக எடுக்கிற காப்பீடு மட்டும்தான். அதனால் நான் 50 டாலரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பேன்: காப்பீடு யாரிடம், எவ்வளவுக்கு? வெளித் தணிக்கை ஆண்டுக்கு எத்தனை முறை, அந்த அறிக்கையைக் காட்டுவீர்களா? இதற்கு எழுத்தில் பதில் வராத பெட்டகம் 40 டாலர் மலிவாக இருந்து என்ன பயன்.

நிலையான தொகையா, சதவீதமா?

இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பள்ளிக்கூடக் கணக்குதான்.

இரண்டு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனி கஸ்டோடியனுக்கு 100, பெட்டகத்துக்கு 150, ஆக ஆண்டுக்கு 250 டாலர், தொகை எவ்வளவாக இருந்தாலும் அதேதான். இரண்டாவது கம்பெனி கஸ்டோடியனுக்கு 80 டாலர், பெட்டகத்துக்குத் தங்கத்தின் மதிப்பில் 0.5 சதவீதம்.

உங்களிடம் 20,000 டாலர் இருந்தால், முதல் கம்பெனியில் 250. இரண்டாவதில் 80 கூட்டல் 100, ஆக 180. இரண்டாவது மலிவு. 1,00,000 டாலர் இருந்தால் முதல் கம்பெனியில் அதே 250. இரண்டாவதில் 80 கூட்டல் 500, ஆக 580. இரட்டிப்புக்கு மேல். இரண்டும் சமமாக நிற்கும் இடம் 34,000 டாலர். அதற்குக் கீழே சதவீதம் லாபம், அதற்கு மேலே நிலையான தொகை லாபம்.

இந்தச் சமப் புள்ளியைக் கண்டுபிடிப்பது எளிது. நிலையான மொத்தத்திலிருந்து சதவீதக் கம்பெனியின் நிலையான பகுதியைக் கழியுங்கள், இங்கே 250இல் 80 போக 170. அதைச் சதவீதத்தால் வகுங்கள். 170ஐ 0.005ஆல் வகுத்தால் 34,000. கைபேசியில் பத்து வினாடி.

சதவீதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தங்கம் விலை ஏறினால் கட்டணமும் ஏறும். பெட்டிக்குள் இருப்பது அதே 19 நாணயம்தான், இடம் கூடவில்லை, எடை கூடவில்லை, காப்பீட்டுச் செலவு மட்டும் ஓரளவு கூடியிருக்கலாம், ஆனால் விலை இரண்டு மடங்கானால் பில்லும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தங்கம் ஏறும் என்று நம்பித்தானே வாங்குகிறீர்கள்? அப்படியானால் ஏறின விலையில் கட்டணம் எவ்வளவு வரும் என்றும் இன்றே பார்த்துவிடுங்கள்.

ஒரு வாக்கியத்தில் சொன்னால், ஆண்டுக் கட்டணத்தை டாலரில் மட்டும் பார்க்காமல் உங்கள் தொகையில் அது எத்தனை சதவீதம் என்று மாற்றிப் பார்க்க வேண்டும். 20,000 டாலருக்கு 250 என்றால் 1.25 சதவீதம், அது அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரண ஐ.ஆர்.ஏ.விலேயே வாங்கக்கூடிய தங்க ஈ.டி.எஃப். இருக்கிறது. பங்கு போலச் சந்தையில் விற்கும் தங்க நிதி என்று பொருள். அவற்றில் பெரியதான எஸ்.பி.டி.ஆர். கோல்டு ஷேர்ஸ் ஆண்டுக்கு 0.40 சதவீதம்தான் எடுக்கிறது, தனி கஸ்டோடியன் பில்லோ பெட்டக பில்லோ வராது. நாணயம் நம் பெயரில் ஒரு பெட்டியில் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஆசையின் விலை என்ன என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கட்டணம் என்று பெயரில்லாத கட்டணம்

இப்போது அந்த எட்டாவது வரி, தாளில் இல்லாதது.

நகைக்கடையில் பலகையில் எழுதியிருக்கும் விலை ஒன்று, செய்கூலி சேதாரம் சேர்த்து நாம் கொடுப்பது ஒன்று, அதே நகையை மறுநாள் விற்கப் போனால் கிடைப்பது மூன்றாவது ஒன்று. இது நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. நாணயத்திலும் அப்படியேதான். சந்தையில் அந்த நிமிடத்தில் ஓடும் விலைக்கு ஸ்பாட் விலை என்று பெயர். டீலர் அதற்கு மேல் விற்பார், அதற்குக் கீழே வாங்குவார். அந்த இடைவெளிக்கு ஸ்ப்ரெட் என்று பெயர்.

அண்ணனின் 80,000 டாலரை வைத்தே கணக்குப் பார்த்தோம். எளிதாக இருக்க ஸ்பாட் விலை அவுன்ஸுக்கு 4,000 டாலர் என்று வைத்துக்கொண்டோம். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், ஏறக்குறைய நாலு பவுன். சாதாரண ஈகிள் நாணயம் 5 சதவீதம் கூடுதல் விலையில் கிடைத்தால் ஒன்று 4,200. 19 நாணயம் வரும், செலவு 79,800. ஸ்பாட்டுக்கு 1 சதவீதம் குறைவாகத் திருப்பி எடுத்தால் ஒன்றுக்கு 3,960, ஆக 75,240. வாங்கிய அன்றே விற்றாலும் நட்டம் 4,560.

அதே பணத்துக்கு டீலர் "ப்ரூஃப்" நாணயம் வாங்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடி போலப் பளபளக்க அச்சடிப்பது. உள்ளே இருக்கும் தங்கம் அதே ஒரு அவுன்ஸ். 30 சதவீதம் கூடுதல் என்றால் ஒன்று 5,200, 15 நாணயம்தான் வரும், செலவு 78,000. திருப்பி விற்கும்போது தங்கத்துக்கு மட்டும் விலை போட்டால் 59,400. நட்டம் 18,600 டாலர்.

அண்ணன் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி சாம்பார் வாளியோடு வந்து நின்று, "இதுக்கா 180, 230ன்னு ரெண்டு வாரமா பேசிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். கஸ்டோடியன் கட்டணத்தில் ஆண்டுக்கு 50 டாலர் மிச்சம் பிடித்தால் 15 ஆண்டில் 750 டாலர். ப்ரூஃப் நாணயத்தின் ஸ்ப்ரெட்டில் ஒரே நாளில் போவது அதைப்போல இருபது மடங்குக்கு மேல்.

"முதல் மூன்று ஆண்டு கட்டணம் இலவசம்", "10,000 டாலர் மதிப்புள்ள வெள்ளி அன்பளிப்பு" என்பதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். கஸ்டோடியனும் பெட்டகமும் சும்மா வேலை செய்வதில்லை, உங்களுக்காக டீலர் கட்டுகிறார், அந்தப் பணம் நாணயத்தின் விலைக்குள் இருக்கிறது. எனவே இலவசம் என்ற வார்த்தை வரும்போதெல்லாம் நாணயத்தின் விலையைத்தான் முதலில் பார்ப்பேன்.

பணத்தை நகர்த்தும்போது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் தவறினால் எல்லாக் கட்டணத்தையும்விட இதுவே பெரிய செலவு. பழைய 401கேவிலிருந்து காசோலை புதிய கஸ்டோடியன் பெயரில், உங்கள் நலனுக்காக என்ற குறிப்போடு போக வேண்டும். இது நேரடி ரோல்ஓவர். உங்கள் பெயரிலேயே காசோலை எழுதச் சொல்லிவிட்டால் வரிக்காக 20 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். 80,000க்கு 64,000தான் கைக்கு வரும். 60 நாளுக்குள் முழு 80,000மும் புதிய கணக்குக்குப் போக வேண்டும், அதாவது அந்த 16,000ஐக் கையிலிருந்து போட்டுவிட்டு வரித் தாக்கல் செய்யும்போது திரும்ப வாங்க வேண்டும். போடாத தொகை வருமானமாகக் கணக்கில் வரும். நேரடியாக அனுப்பச் சொல்வதற்கு ஒரு பைசா கூடுதல் இல்லை, ஆகவே வேறு வழியை யோசிக்கவே வேண்டாம்.

வெளியே வரும் வழி

கணக்கு திறக்கும் நாளில் யாரும் மூடும் நாளை நினைப்பதில்லை. ஆனால் சாதாரண ஐ.ஆர்.ஏ.வில் 73 வயதிலிருந்து, 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 75 வயதிலிருந்து, ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு கட்டாயம் எடுத்தாக வேண்டும். நாணயத்தைக் கால்வாசி வெட்டி எடுக்க முடியாது. விற்றால் விற்பனைக் கட்டணம் உண்டு, ஸ்ப்ரெட்டும் உண்டு. நாணயமாகவே வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பும் செலவும் வழிக் காப்பீடும் நம் தலையில், அன்றைய சந்தை மதிப்புக்கு வரியும் கட்ட வேண்டும். வேறொரு சாதாரண ஐ.ஆர்.ஏ. இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், நாணயத்தைத் தொட வேண்டாம். ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் தங்கத்தில் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்று இரவு அண்ணனின் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரிசை எழுதினோம். திறக்கும் கட்டணம், 15 ஆண்டு கஸ்டோடியன், 15 ஆண்டு பெட்டகம், ஒரு முறை வாங்க, ஒரு முறை விற்க, மூட, இவற்றோடு ஸ்ப்ரெட். எல்லாவற்றையும் கூட்டி 80,000இல் எவ்வளவு என்று பார்க்க ஒரு கட்டம் மட்டும் காலியாக நின்றது. மறுநாள் காலை அவர் அந்த டீலருக்கு போன் போட்டு, "இன்னைக்கு ஒரு சாதாரண ஈகிள் என்ன விலைக்குக் கொடுப்பீங்க, அதையே இன்னைக்கே திருப்பி எடுத்தா என்ன தருவீங்க, ரெண்டையும் மெயில்ல அனுப்புங்க" என்று கேட்டார். முதல் எண் அன்றே வந்தது. இரண்டாவது எண்ணுக்கு ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லை. அவசரம் ஒன்றும் இல்லை என்பதால் 401கே பணத்தை நேரடி ரோல்ஓவரில் ஒரு சாதாரண ஐ.ஆர்.ஏ.வுக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து தங்கக் கணக்குக்கு எப்போது வேண்டுமானாலும் கஸ்டோடியனிடமிருந்து கஸ்டோடியனுக்கே நேராக மாற்றிக்கொள்ளலாம். இப்போது வேறு இரண்டு டீலர்களிடம் அதே இரண்டு எண்களைக் கேட்டிருக்கிறார், இந்த முறை 80,000க்கு இல்லை, 15,000 டாலருக்கு மட்டும்.